ஆயிரம் தடவை போனவர்

காலைப் பார்த்த பிறகுதான் அவர் ஆளைப் பார்ப்பார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. பேருந்து நிலையத்தின் விசாரணை அறை நடைமேடையைவிட நாலு படி கீழே இருக்கிறது. ஜன்னல், வெளியே நிற்பவரின் கணுக்காலில் தொடங்கி இடுப்போடு முடிந்துவிடும். எந்தப் பொறியாளர் யார் மேலிருந்த கோபத்தில் கட்டினாரோ, கேட்க வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் குனிந்துதான் கேட்க வேண்டும். அவர் குனிந்து முடிப்பதற்குள் உள்ளே இருப்பவருக்குப் பாதி விஷயம் தெரிந்திருக்கும்.

விரலிடுக்கில் செம்மண் இருந்தால் காட்சிமுனையிலிருந்து இறங்கி வருகிறார்கள். குதிகாலில் புல் துணுக்கு ஒட்டியிருந்தால் பெரிய பூங்கா. செருப்பு சளக் சளக்கென்று பேசினால் யோசிக்கவே வேண்டாம், அருவி. ஒருமுறை ஒரு மனிதர், நண்பர்களோடு அருவிக்குப் போய் வந்த கதையைக் கைப்பேசியில் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே ஜன்னலைக் கடந்தாராம். "அருவிக்குப் போன செருப்பு இவ்வளவு தூசியா இருக்காதே சார்" என்று கீழேயிருந்து குரல் வந்ததாம். அந்தக் குரல் கைப்பேசிக்குள்ளும் போய்விட்டதாம். அதற்குப் பிறகு அந்த மனிதர் நிலையத்தின் பின்வாசலைத்தான் பயன்படுத்துகிறார் என்பார்கள்.

பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான். மற்றபடி ஜன்னலுக்கு மேலே பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே பெயராகிவிட்டது. சக ஊழியர்களுக்கு அவர் விசாரணை. நாம் கொஞ்சம் மரியாதை சேர்த்து விசாரணையார் என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பத்திரண்டு வயது, ஒடிசலான உடம்பு, நல்ல உயரம். ஆனால் அந்த உயரத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஊருக்கு அவர் ஒரு முகம், ஒரு கை, அவ்வளவுதான்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வலது இடது என்ற சொற்களை அவர் நம்புவதில்லை. பத்துப் பேரில் நாலு பேர் எழுதுகிற கை எது என்று யோசித்த பிறகுதான் வலதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. ஆகவே வாய், கதைக்கு மட்டும். வழியைக் கை சொல்லும். ஜன்னலுக்கு வெளியே முழங்கைவரை நீளும். "படி முடிஞ்சதும் பாதை ரெண்டாப் பிரியும். இந்தக் கைப்பக்கம் போங்க. நேரா அருவி மடியில போய் உக்காருவீங்க." கேட்டவர் அந்தக் கையைப் பார்த்து, தன் உடம்பை அந்தப் பக்கம் ஒருமுறை சாய்த்துப் பார்த்து, மனப்பாடம் செய்துகொண்டு போவார். ஒருவர்கூட வழி தவறியதாகப் புகார் வந்ததில்லை.

சனி ஞாயிறுகளில் நகரமே அந்த ஜன்னலில் குனியும். வாரம் முழுக்க எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்துச் சலித்தவர்கள், ஒரு மரத்தையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டுமென்று கிளம்பி வருவார்கள். அவர்களுக்கு அவர் எதையும் மறைப்பதில்லை. பூங்காவில் குளத்தை ஒட்டிய இரண்டாவது பெஞ்சில் ஒரு பலகை இல்லை. அதற்கு அடுத்த குழாயில் தண்ணீர் வராது, திருகினால் காற்றுத்தான் வரும். அருவிக்கு இருநூற்றுப் பதினாலு படி, நூற்று நாற்பதாவது படி ஆடும். காட்சிமுனையில் மூன்று மணிக்கு மேல் பனி மூடிவிடும், அப்புறம் பக்கத்தில் நிற்கிற மாமனார்கூடத் தெரிய மாட்டார், அது சிலருக்கு வசதி.

"நீங்க போயிருக்கீங்களா சார்?" என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவர் கேட்டார். "நூறு தடவை" என்றார் விசாரணையார். சம்பளம் உயர்ந்ததோ இல்லையோ, இந்தத் தொகை ஆண்டுதோறும் உயர்ந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் ஆயிரத்தைத் தொட்டுவிட்டது.

உண்மை என்னவென்றால், ஒரு தடவைகூட இல்லை. பேருந்து நிலையத்தில் வேலை பார்க்கிற அந்த மனிதருக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது. வண்டி மூன்றாவது வளைவைத் திரும்புவதற்குள் வயிறு தனிக்குடித்தனம் கேட்கும். வேலைக்கே நடந்துதான் வருகிறார். அவருக்குத் தெரிந்த அத்தனையும், திரும்பி வருகிறவர்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில் ஜன்னலில் குனிந்து கொட்டிவிட்டுப் போனவை. யாரையும் அவர் சும்மா விடுவதில்லை. எந்தப் படி, எந்தத் திருப்பம், எந்தப் பக்கம் என்று குடைந்து குடைந்து கேட்பார். அவர்களும் கையை நீட்டி, மடக்கி, ஜன்னல் முன்னாலேயே இன்னொரு முறை நடந்து காட்டுவார்கள். அருவி எப்படி இருந்தது என்பதற்கு மட்டும் ஆளுக்கொரு பதில். தையல்காரர் ஒருவர், வெள்ளைத் துணிக்கட்டை உருட்டிவிட்ட மாதிரி என்றார். ஒரு சின்னப் பெண், யாரோ குழாயை மூட மறந்த மாதிரி என்றாள். விசாரணையார் இரண்டையும் வைத்துக்கொண்டு, வருகிறவரின் முகத்துக்குத் தகுந்ததை எடுத்துக் கொடுப்பார், கூடக் கொஞ்சம் உயரமும் சேர்த்து.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி. பல் மருத்துவமனையில் மருத்துவருக்கு உதவியாக இருக்கிறாள். நாளெல்லாம் வாயைத் திறங்க, திறங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே வாயை மூடுங்க என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்பது அவளுடைய பழைய குறை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் போன மாதம் ஓர் இயந்திரம் வந்து இறங்கியது. ஆள் உயரம், கண்ணாடி முகம், தொட்டால் பேசும். மூலைகளில் அட்டைகூடப் பிரிக்காமல் காத்திருப்புக் கூடத்தில் நிற்கிறது. அதற்குள் ஏற்ற வேண்டிய வழி விவரங்களை விசாரணை ஊழியரே எழுதித் தர வேண்டும் என்று ஐந்து பக்கப் படிவம் வந்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் எதிரே வலம், இடம் என்று இரண்டு கட்டங்கள். விசாரணையார் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்தச் சொற்களோடு மல்லுக்கு நின்றார். கண்ணை மூடி, போய் வந்தவர்கள் எந்தப் பக்கம் கை நீட்டினார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து, கட்டத்தில் டிக் போட்டார். இரண்டு நாள் பிடித்தது.

படிவத்தை வாங்கிக்கொண்ட மேலாளரம்மா நிலையத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார். எந்த விஷயத்தையும் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். மின்விசிறி பதினாறும் ஓடுகின்றன என்ற கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன், பதினாறையும் சுழலவிட்டு அண்ணாந்து பார்த்தவர். படிவத்தைப் புரட்டியவர், செவ்வாய்க்கிழமை இரண்டு பேருமாகப் போய்ச் சரிபார்த்துவிட்டு வரலாம் என்றார்.

"நீங்க எழுதினதெல்லாம் அங்க சரியா இருந்தா, ஜன்னலுக்கு ஆள் வேணும்னு மேலிடத்துக்கு எழுதறேன். இல்லேன்னா மெஷின் போதும். உங்களுக்குச் சாமான் அறையில இடம் இருக்கு."

சாமான் அறை ஒன்றும் மோசமான இடமில்லை. மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு. ஆனால் பெட்டிகள் குனிந்து எதுவும் கேட்காது. பெட்டிகளிடம் கதையும் சொல்ல முடியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

உடம்பு சரியில்லை என்று விடுப்புப் போட்டால் என்ன என்றார். விடுப்புப் போட்டால் புதன்கிழமை கூட்டிப் போவார்கள் என்றாள் மனைவி. அதற்கு உண்மையையே சொல்லிவிடலாமே என்றும் சொன்னாள்.

"பத்தொம்பது வருஷம் கழிச்சா?"

"அப்போ மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் போங்க. பொய்யும் உங்களோடது, வாந்தியும் உங்களோடது. நான் ரெண்டு பிளாஸ்டிக் கவர் எடுத்து வைக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை முதல் வண்டி. ஓட்டுநர் கதவைத் திறந்தவர், திறந்த வாயை மூடவில்லை.

"அண்ணே, நீங்களா? உங்களை வண்டிக்குள்ள நான் பாத்ததே இல்லையே."

"நீ ரோட்டைத்தானே பாக்கணும். என்னை எதுக்குப் பாக்கறே?" என்று சொல்லிவிட்டு முன் இருக்கையில் போய் உட்கார்ந்தார் விசாரணையார். அதுதான் அந்தப் பயணத்தில் அவர் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டு, எதிரே தெரிந்த சாலையைத் தன் சொந்தச் சொத்து போல முறைத்துக்கொண்டு வந்தார். மேலாளரம்மா இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு, ஆழ்ந்த சிந்தனை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். பூங்கா வாசலில் வண்டி நின்றதும் விசாரணையார் முதல் ஆளாக இறங்கி, டயரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வண்டிக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் டயரை நல்லாவே பாத்துட்டாரு" என்றார் ஓட்டுநர், யாரிடமும் இல்லாமல்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. படிவத்தில் குளத்துக்கு இடம் என்று இருந்தது. விசாரணையார் மிடுக்காக இடப்பக்கம் திரும்பி நடந்தார். ஐந்து நிமிடத்தில் இருவரும் ஓர் உரக்குழியின் முன்னால் நின்றார்கள். பக்கத்தில் உடைந்த ஊஞ்சல்களை அடுக்கிய கொட்டகை ஒன்றும் இருந்தது. மேலாளரம்மா படிவத்தைப் பார்த்தார், உரக்குழியைப் பார்த்தார்.

"குளத்தை எல்லாரும்தான் பாக்கறாங்க மேடம். இதையெல்லாம் யாரும் வந்து பாக்கறதில்ல" என்றார் விசாரணையார்.

"ஏன்னு எனக்கே தெரியுது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார் மேலாளரம்மா.

திரும்பி வந்து மறுபக்கம் போனார்கள். குளம் இருந்தது. இரண்டாவது பெஞ்சில் ஒரு பலகை இல்லை. அடுத்த குழாயை மேலாளரம்மா திருகினார், காற்று வந்தது. அவர் விசாரணையாரை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, படிவத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறியும் இரண்டு டிக்கும் போட்டார். பெருக்கல் குறி மட்டும் விசாரணையாரின் கண்ணுக்கு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது.

அருவிக்குப் போகும் சாலையில் பன்னிரண்டு வளைவு. அந்தப் பன்னிரண்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டாம். மனைவி கொடுத்த கவர்கள் இரண்டும் தீர்ந்தன என்றால் போதும். வெளுத்த முகத்தோடு அருவிப் படிகளில் இறங்கினார். மேலாளரம்மா வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். நூற்று நாற்பதாவது படி ஆடியது. கடைசிப் படியில் காலை வைத்து, இருநூற்றுப் பதினாலு என்று உரக்கவே சொல்லிவிட்டார். இப்போது அவர் குரலில் கொஞ்சம் மரியாதை இருந்தது.

எதிரே பாதை மறுபடி இரண்டாகப் பிரிந்தது. தண்ணீர்ச் சத்தம் பாறைகளில் மோதி எல்லாப் பக்கமும் கேட்டது. படிவத்தில் இடம். விசாரணையார் இடப்பக்கம் திரும்பினார். நடக்க நடக்கச் சத்தம் குறைந்துகொண்டே போனதை அவரும் கவனித்தார். ஆனால் நின்று திரும்பத் தைரியமில்லாமல் இன்னும் வேகமாக நடந்தார். பாதை ஒரு கம்பிவேலியில் முடிந்தது. உள்ளே பூட்டிய பம்பு அறை. அருவி முதுகுக்குப் பின்னால் எங்கோ விழுந்துகொண்டிருந்தது.

மேலாளரம்மா படிவத்தைப் பிரித்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். அந்தச் சின்ன டிக் சத்தம் விசாரணையாரின் தொண்டையையும் திறந்துவிட்டது.

"மேடம், நான் இங்க வந்ததே இல்ல."

"அருவிக்கா?"

"எங்கயுமே. பூங்காவுக்கும் இன்னிக்குத்தான் வந்தேன். பஸ்ல ஏறினா எனக்கு வாந்தி வரும். வர்றவங்க போறவங்க சொன்னதைக் கேட்டுத்தான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

மேலாளரம்மா வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார். அது இருமல்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. திரும்பியபோது முகம் அதிகாரியின் முகமாகவே இருந்தது. வருத்தமாக இருக்கிறது, ஆனால் பார்த்ததைத்தான் எழுத முடியும் என்றார். விசாரணையார் தலையை ஆட்டினார். இருவரும் வந்த வழியே நடந்தார்கள். சாமான் அறையின் நாற்காலிக்குக் கை வைத்திருக்கிறதா என்றுகூட அவர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

பாதை பிரியும் இடத்தில், ஈரத் தலையோடு ஒரு மாமியாரும் மருமகளும் மறுபக்கத்திலிருந்து ஏறி வந்தார்கள். மாமியார் நின்றாள். விசாரணையாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, இது அந்த ஜன்னல்காரர்தானே? இவ்வளவு உயரமா இருக்காரே, அதான் சட்டுனு தெரியல."

மருமகள் ஆமாம் என்றாள். காலையில் அவர் வண்டி ஏறுவதற்கு முன்னால் நிலையத்தில் கேட்டுக்கொண்டு, வழியில் எங்கும் நிற்காத வண்டியில் நேரே வந்துவிட்டார்களாம். "நீங்க கை காட்டினபடியே வந்தோம் சார். யாரையும் கேக்கவேயில்ல." மாமியார் தன் பங்குக்கு, தங்கள் வீட்டு ஆட்களைப் போலில்லாமல் இவர் சொன்ன வழி சரியாக இருந்தது என்று மருமகள் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மேலாளரம்மா படிவத்தை மறுபடி விரித்தார். இடம் என்றுதான் இருந்தது. அவர்கள் வந்ததோ வலப்பக்கத்திலிருந்து.

"அவங்க எப்படிச் சரியாப் போனாங்க?"

விசாரணையார் படியேறிப் போகிறவர்களைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு பாதைகளுக்கும் முதுகைக் காட்டி, மேலாளரம்மாவுக்கு எதிரே வந்து நின்றுகொண்டார்.

"மேடம், ஜன்னல்ல கேக்கற மாதிரி என்கிட்ட ஒரு தடவை கேளுங்க."

"என்னன்னு?"

"அருவிக்கு எப்படிப் போகணும்னு."

மேலாளரம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். ஆள் யாருமில்லை. "அருவிக்கு எப்படிப் போகணும்?" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

"இந்தக் கைப்பக்கம் போங்க" என்று விசாரணையாரின் இடக்கை நீண்டது. தானாக நீண்டது, பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில். மேலாளரம்மா நின்ற நிலையிலிருந்து பார்த்தால் அது அவருடைய வலப்பக்கம். ஈரக் காலடிகள் வந்த பக்கம்.

விஷயம் இவ்வளவுதான். போய் வந்தவர்கள் அவருக்கு எதிரே நின்று வலக்கையை நீட்டினார்கள், அது அவருக்கு இடப்பக்கமாகத் தெரிந்தது. அவர் போகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து இடக்கையை நீட்டினார், அது அவர்களுக்கு வலப்பக்கமாகப் போய்ச் சேர்ந்தது. தலைகீழாக உள்ளே வந்த வழி, மறுபடி தலைகீழாகி வெளியே போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக நகரம் சரியாகவே குளித்துக்கொண்டிருந்தது. வழி தப்பியது அவர் நேராக நின்ற அன்று மட்டும்தான்.

வலப்பக்கம் போனார்கள். அருவி இருந்தது. விசாரணையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஜன்னலில் அவர் வளர்த்து வைத்திருந்த அருவி இதைப் போல மூன்று மடங்கு.

"சின்னதா இருக்கே" என்றார்.

ஆனால் அங்கிருந்து நகரவில்லை. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேருந்தில் பேசாமல் வந்ததற்குக் காரணம் இருந்தது, இதற்கு அதுவும் இல்லை. மேலாளரம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவில் புகுந்த தண்ணீரைக் கொட்டினார். மடியில் படிவம் திறந்திருந்தது, பேனா அதன்மேல் சும்மா கிடந்தது.

"இதை நான் என்னன்னு எழுதறது? ஊழியர் திரும்பி நின்றால் சரியாகச் சொல்கிறார்னா?"

"ஜன்னல்ல உக்காந்தா சரியாச் சொல்வார்னு எழுதுங்க மேடம்" என்றார் விசாரணையார், தண்ணீரைப் பார்த்தபடி.

மேலாளரம்மா பேனாவை எடுத்து மூடினார். ஷூவை மாட்டிக்கொண்டார். மணி இரண்டாகப் போகிறது, மூன்றுக்குப் பனி மூடிவிடும் என்று எழுதியிருக்கிறீர்களே, கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னார்.

காட்சிமுனைக்கு அருவியிலிருந்து ஏறுபாதை, நல்லவேளையாக நடந்துதான் போக வேண்டும். அரை மணி நேரம் ஏறினார்கள். செம்மண் தொடங்கியது. மரங்கள் விலகி, கீழே நகரம் கொட்டிவைத்த தீப்பெட்டிகளாகத் தெரியத் தொடங்கிய இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. விசாரணையார் நின்றார். ஒரு காலை எடுத்து வைத்தார், பின்னால் இழுத்துக்கொண்டார், மேலாளரம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

மேலாளரம்மா படிவத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டு மூடினார். பிறகு ஆள்காட்டி விரலை உயர்த்தி, காற்றில் அரை வட்டமாகச் சுழற்றிக் காட்டினார்.

விசாரணையார் திரும்பி நின்றார்.